மாலத்தீவு என்றால் ரிசார்ட் மட்டும்தானா? உள்ளூர்த் தீவுகளில் தங்கிச் சுற்றுவது எப்படி? செலவு, கட்டுப்பாடு, முழு விவரம்

மாலத்தீவு என்றதும் எல்லோருக்கும் ஒரே படம்தான் கண்முன் வரும். கண்ணாடி மாதிரி நீலக் கடல், அதன்மேல் வரிசையாக மரக் குடில்கள், ஊஞ்சல், பக்கத்தில் ஒரு சினிமா பிரபலம். ஒரு ராத்திரி வாடகையைக் கேட்டால் நம் ஒரு மாதச் சம்பளம். "நமக்கெல்லாம் கட்டுப்படியாகாதுப்பா" என்று போனைத் தள்ளிவிட்டுப் போய்விடுவோம்.

அந்தப் படத்தில் மாலத்தீவு மக்கள் யாராவது இருக்கிறார்களா? கவனித்துப் பாருங்கள், இருக்க மாட்டார்கள். காரணம், ரிசார்ட் இருக்கும் தீவில் ரிசார்ட்டைத் தவிர வேறு எதுவும் கிடையாது. ஊர், பள்ளிக்கூடம், மளிகைக்கடை எதுவும் இல்லாத தனித்தீவு அது. மொத்தம் சுமார் 1,190 தீவுகள் உள்ள அந்த நாட்டில், மக்கள் வசிப்பது 180-க்கும் சற்று மேற்பட்ட தீவுகளில். 2022 கணக்கெடுப்பின்படி, வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்து மக்கள்தொகை 5 லட்சத்து 15 ஆயிரம். நம்ம ஊரில் ஒரு நடுத்தர நகரத்தின் கூட்டம், கடலில் 800 கிலோமீட்டருக்கும் மேல் சிதறிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர்த் தீவுகளில் வெளிநாட்டுப் பயணிகள் தங்கலாம். டிராவல் ஏஜென்ட் இல்லாமல், பேக்கேஜ் இல்லாமல், அரசு படகில் ஏறி, ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குத் தாவிப் போகலாம். கடல் அதே கடல்தான். செலவு மட்டும் பல மடங்கு குறைவு. சரி, பிறகு ஏன் பல பேருக்கு இது தெரியவில்லை?

25 ஆண்டுகள் மூடியிருந்த கதவு

மாலத்தீவில் சுற்றுலா தொடங்கியது 1972-ல். தலைநகர் மாலேவுக்குப் பக்கத்தில் குரும்பா என்ற முதல் ரிசார்ட் அப்போதுதான் வந்தது. ஆரம்பத்தில் சில பயணிகள் ஊர்த் தீவுகளில், வீடுகளிலேயே தங்கினார்கள். 1980-களில் அரசு அதை நிறுத்தியது. பயணிகள் ஒரு பக்கம், மக்கள் ஒரு பக்கம் என்பதுதான் அன்றைய கொள்கை. ஆள் இல்லாத தீவுகளை நீண்ட காலக் குத்தகைக்கு விட்டார்கள். வெளிநாட்டவர் அங்கேயே தங்கி, அங்கேயே குடித்து, அங்கிருந்தே விமானம் ஏறிப் போகட்டும். முழுக்க இஸ்லாமிய நாடான நம் மக்களின் வாழ்க்கை முறைக்குப் பாதிப்பு வராமல் இருக்கட்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இதில் இன்னொரு விஷயமும் நடந்தது. சுற்றுலாப் பணம் ஊர்த் தீவுகளுக்கு நேரடியாகப் போகவே இல்லை. எதிரே தெரியும் ரிசார்ட் தீவில் ராத்திரி பூரா விளக்கு எரியும். இந்தக் கரையில் இருப்பவருக்குக் கிடைத்தது, அங்கே வேலைக்குப் போய் மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்திருக்கும் வாய்ப்பு மட்டும்தான்.

2008-ல் நடந்த முதல் பலகட்சித் தேர்தலில் முகமது நஷீத் அதிபரானார். அவர் ஆட்சியில், மக்கள் வசிக்கும் தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ் நடத்தலாம் என்று 2009-ல் விதி மாறியது. எதிர்ப்பு வராமல் இல்லை. மதக் கட்டுப்பாடு கெட்டுவிடும் என்று ஒரு தரப்பு. தொழில் போட்டி வந்துவிடும் என்று இன்னொரு தரப்பு. 2012-ல் நஷீத் பதவியை விட்டுப் போனார். அதற்குப் பிறகு ஆட்சிகள் மாறின. ஆனா கெஸ்ட் ஹவுஸ் கதவை யாரும் திரும்ப மூடவில்லை. இன்று நாடு முழுக்கச் சுமார் 900 கெஸ்ட் ஹவுஸ்கள் இருக்கின்றன.

எந்தத் தீவு, எதற்கு?

எல்லாத் தீவும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போய் ஏமாறுபவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு தீவுக்கும் ஒரு குணம் உண்டு.

மாஃபுஷி. எல்லோரும் முதலில் போவது இங்கேதான். மாலேவிலிருந்து தெற்கே சுமார் 27 கிலோமீட்டர். தீவின் நீளம் ஒன்றேகால் கிலோமீட்டர், அகலம் கால் கிலோமீட்டர், அவ்ளோதான். முன்பு இந்தப் பெயரைச் சொன்னால் மாலத்தீவுக்காரர்களுக்கு ஞாபகம் வந்தது சிறைச்சாலை. இப்போதும் அந்தச் சிறை அங்கேதான் இருக்கிறது. மீதி இடத்தில் ஹோட்டல்களும் டைவிங் கடைகளும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. முதல் முறை போகிறவர்களுக்கு வசதி. அமைதி தேடிப் போகிறவர்களுக்குச் சரிப்படாது.

துலுஸ்தூ, அலைச்சறுக்கு ஆட்களின் தீவு. அங்குள்ள ஒரு அலைக்கே "கோக்ஸ்" என்று பெயர். காரணம், அதே தீவில் இருக்கும் கோகோ கோலா ஆலை. நல்ல தண்ணீர் ஆறே இல்லாத நாடு என்பதால், கடல்நீரை நன்னீராக்கித்தான் அங்கே குளிர்பானம் தயாரித்தார்கள்.

தொட்டூ என்று ஒரு தீவு. இங்கே விசேஷம் கடல் இல்லை, தோட்டம்! தர்பூசணியும் பப்பாளியும் விளைகிற விவசாயத் தீவு. ரம்ஜான் மாதத்தில் மாலே சந்தைக்குப் போகும் தர்பூசணிக்கு இந்த ஊர் பேர்போனது. சைக்கிள் எடுத்துக்கொண்டு தோட்டங்களுக்கு நடுவே போனால், மாலத்தீவில்தான் இருக்கிறோமா என்று சந்தேகமே வந்துவிடும்.

உகுல்ஹாஸ் சுத்தத்துக்குப் பெயர் வாங்கிய தீவு. குப்பையை வீடு வீடாகச் சேகரித்துத் தரம் பிரிக்கும் முறையை ஊரே சேர்ந்து கொண்டுவந்தது. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தலைநகரத்துக் குப்பையைக் கொட்டுவதற்கென்றே திலாஃபுஷி என்ற தீவை 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய நாடு அது.

திகுரா, தெற்கு ஆரி பவளத்தீவுக் கூட்டத்தில் இருக்கிறது. சுமார் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு வால் மாதிரி நீண்டு கிடக்கும் மணல் தீவு. இங்கே வருபவர்கள் தேடுவது திமிங்கலச் சுறா. நம்ம மீனவர்கள் அம்மணி உழுவை என்று சொல்வது இதைத்தான். உலகிலேயே பெரிய மீன், ஆனா சாது. மற்ற பல நாடுகளில் சில மாதங்கள் மட்டுமே கண்ணில் படும் இந்த மீன், இந்தப் பகுதியில் ஆண்டு முழுவதும் தென்படுவதால்தான் 2009-ல் இதைப் பாதுகாக்கப்பட்ட கடல் பகுதியாக அறிவித்தார்கள்.

மான்டா என்னும் ராட்சதத் திருக்கைகளைப் பார்க்க வேண்டும் என்றால் பா பவளத்தீவுக் கூட்டத்தின் தரவந்தூ. பக்கத்திலேயே ஹனிஃபாரு விரிகுடா. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், மிதவை உயிரிகள் இங்கே குவியும்போது திருக்கைகள் கூட்டமாக மேய வரும். 2011 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். ஆக்சிஜன் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்க அனுமதி இல்லை. முகமூடி மாட்டி மேலே மிதந்து பார்க்கலாம், அதுவும் வழிகாட்டியோடு.

தெற்கே, நிலநடுக்கோட்டையும் தாண்டிப் போனால் ஃபுவாமுலா. ஒரே தீவுதான் அங்கே மொத்தப் பவளத்தீவுக் கூட்டமும். அதற்குள் இரண்டு நன்னீர் ஏரிகள். வெளியே கடலில் புலிச் சுறா. டைவிங்கில் நல்ல அனுபவம் உள்ளவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். உள்நாட்டு விமானத்தில்தான் போக வேண்டும் என்பதால் செலவு ஏறும்.

(பவளத்தீவுக் கூட்டத்துக்கு உலகமே சொல்லும் "அட்டால்" என்ற வார்த்தை, மாலத்தீவின் திவேஹி மொழியில் இருந்து போனதுதான். பல மொழிகளுக்கும் அந்த மொழி கொடுத்த ஒரே பிரபலமான சொல் என்றே சொல்லலாம்.)

தீவு விட்டுத் தீவு எப்படிப் போவது?

தென்னிந்தியாவில் இருந்து மாலேவுக்கு விமானத்தில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம்தான். திருவனந்தபுரத்திலிருந்து மாலே, சென்னையிலிருந்து திருவனந்தபுரம் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம். விசா கவலை வேண்டாம். சுற்றுலா வரும் கிட்டத்தட்ட எல்லா நாட்டவருக்கும் இறங்கும்போதே 30 நாள் அனுமதி இலவசம். இந்தியர்களுக்கு இரு நாட்டு ஒப்பந்தப்படி 90 நாள். பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு கையில் இருக்க வேண்டும். அதோடு "இமுகா" என்ற அரசு இணையதளத்தில் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் விவரங்களைப் பதிய வேண்டும். அதுக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் போலி இணையதளங்களில் சிக்கிக்கொள்ளாதீர்கள்.

ஒரு வேடிக்கை பாருங்கள். இந்தியாவுக்குள்ளேயே இருக்கும் லட்சத்தீவுக்குப் போக இந்தியர்களே முன்கூட்டி நுழைவு அனுமதி வாங்க வேண்டும். அதன் தென்கோடியில் உள்ள மினிக்காய் தீவில் பேசும் மஹல் மொழியும் மாலத்தீவின் திவேஹியும் ஒரே மொழிக் குடும்பம் மட்டுமல்ல, கிட்டத்தட்ட ஒரே மொழி. அந்தப் பேச்சைக் கேட்க, பக்கத்து நாட்டுக்குப் போவது நமக்குச் சுலபமாக இருக்கிறது.

விமான நிலையமே ஒரு தனித்தீவு. 2018-ல் திறந்த பாலம் வழியாகப் பேருந்திலோ டாக்சியிலோ மாலே போய்விடலாம். அங்கிருந்து இரண்டு வழி.

முதல் வழி, அரசு நிறுவனமான எம்டிசிசி இயக்கும் படகுகள். பழைய மாதிரி மெதுவான படகில் மாஃபுஷிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். டிக்கெட் விலை ஒரு காபி விலையைத் தாண்டாது. பள்ளி ஆசிரியர், ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் பாட்டி, அரிசி மூட்டை, குளிர்சாதனப் பெட்டி, எல்லாம் அதே படகில் வரும். 2022 நவம்பரில் இருந்து அதிவேகப் படகுகளையும் ஒவ்வொரு பகுதியாகக் கொண்டுவந்து பல தீவுகளை இணைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது வழி, தனியார் ஸ்பீடு போட். மாஃபுஷிக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம். தலைக்கு 20, 25 டாலர் ஆகும். தூரத் தீவுகளுக்கு இது இரண்டு, மூன்று மடங்கு. கெஸ்ட் ஹவுஸ்காரரிடம் வாட்ஸ்அப்பில் சொன்னாலே இடம் பிடித்துக் கொடுத்துவிடுவார்.

இங்கேதான் கணக்குத் தப்பும். மாலத்தீவில் வார விடுமுறை வெள்ளி, சனி. வெள்ளிக்கிழமை பெரும்பாலான அரசு படகுகள் ஓடாது. மாலேவைச் சுற்றியுள்ள தீவுகளுக்கான மெதுவான படகுகள், ஊர் மக்கள் காலையில் தலைநகர் போய் மாலையில் வீடு திரும்ப வசதியாக விடப்படுபவை. நமக்குத் தேவை அதற்கு நேர் எதிர். இன்னொன்று, பல படகுப் பாதைகள் மாலேவை மையமாக வைத்தே இருக்கும். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் இரண்டு தீவுகளுக்கு நடுவே படகே இல்லாமல் இருக்கலாம். ஒன்று மாலேவுக்கு வந்து திரும்பப் போகணும், இல்லையென்றால் தனிப் படகு பிடிக்கணும். அதனால் ஐந்து நாளில் ஐந்து தீவு என்று கிளம்பாதீர்கள். ஒரே பவளத்தீவுக் கூட்டத்தில் இரண்டு தீவு, தாராளமாகப் போதும்.

உண்மையான செலவு எவ்வளவு?

ஆன்லைனில் "ஓர் இரவு 50 டாலர்" என்று போட்டிருப்பார்கள். கையில் வரும் பில் அதைவிட அதிகமாக இருக்கும். ஏன்?

50 டாலர் அறைக்கு 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்தால் 55. அதன்மேல் சுற்றுலாத் துறைக்கான ஜிஎஸ்டி. 2025 ஜூலையில் இருந்து அது 17 சதவீதம். இப்போது 64 டாலரைத் தாண்டிவிட்டது. அடுத்து பசுமை வரி. 50 அறை அல்லது அதற்குக் குறைவாக உள்ள ஊர்த் தீவு கெஸ்ட் ஹவுஸ்களில், ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு 6 டாலர். 2025 ஜனவரிக்கு முன் இது 3 டாலராக இருந்தது. கணவன், மனைவி இருவர் என்றால் 12 டாலர். ஆக 50 டாலர் அறை, 76 டாலர் ஆகிவிட்டது! சில இடங்களில் வரியெல்லாம் சேர்த்தே விலை போட்டிருப்பார்கள். புக் செய்வதற்கு முன்னால் "வரி உள்பட எவ்வளவு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

விமான டிக்கெட்டுக்குள்ளும் ஒரு வரி ஒளிந்திருக்கிறது. 2024 டிசம்பர் முதல் நாட்டை விட்டு வெளியேறும் வெளிநாட்டவருக்கு எகானமி வகுப்பில் 50 டாலர் புறப்பாட்டு வரி. பிசினஸ் வகுப்பு என்றால் 120.

சாப்பாட்டுக்கு அவ்வளவு ஆகாது, கடற்கரை ஓட்டலை விட்டுவிட்டு ஊருக்குள் நடந்தால். காலையில் மஸ் ஹுனி. சூரை மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் பிசைந்து, ரோஷி என்னும் சப்பாத்தியோடு தருவார்கள். நம்ம கடலோர வீடுகளில் மாசி போட்டு அரைக்கும் சம்பலின் உறவுக்காரன். "மாசி" நம் சமையலறைக்கு வந்ததே அந்தத் தீவுகளில் இருந்துதான். திவேஹியில் மீனுக்கு "மஸ்" என்று பெயர். மத்தியானம் கருதியா என்ற மீன் ரசம், சோறு. சாயங்காலம் டீக்கடையில் ஹெதிகா, அதாவது பஜ்ஜி, போண்டா மாதிரியான பலகாரம். அதிலும் மீன்தான். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கஷ்டம். பருப்பு, முட்டை இல்லாத நூடுல்ஸ் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் சமைத்துத் தருவார்கள்.

காய்கறி விலை ஏன் இவ்வளவு என்று கேட்காதீர்கள். வெங்காயத்திலிருந்து கட்டடம் கட்டும் கல், மணல் வரை பெரும்பாலும் எல்லாமே இறக்குமதி. அதில் ஒரு பங்கு நம்ம தூத்துக்குடித் துறைமுகத்தில் இருந்து தோணியில் போகிறது. அவர்களும் படகைத் "தோனி" என்றுதான் சொல்கிறார்கள்.

என்ன செய்யக் கூடாது?

ரிசார்ட் தீவுக்கும் ஊர்த் தீவுக்கும் பெரிய வித்தியாசமே இங்கேதான். ஊர்த் தீவில் மது கிடையாது. அறையில் வைத்துக் குடிக்கலாமே என்றும் நினைக்காதீர்கள்; நாட்டுக்குள் கொண்டுவரவே முடியாது. டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கிப் போனால் விமான நிலையத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, திரும்பும்போது தருவார்கள். மாஃபுஷி போன்ற இடங்களில் கரையிலிருந்து தள்ளி, கடலில் நங்கூரமிட்ட கப்பல்களில் பார் நடக்கிறது. சட்டத்தில் அது ஊருக்கு வெளியே!

பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகளும் தடைப் பட்டியலில் உண்டு. பையில் சின்னதாக ஒரு பிள்ளையார் சிலை எப்போதும் இருக்கும் என்பவர்கள் இதைக் கவனிக்கணும். இ-சிகரெட்டை 2024 நவம்பர் முதல் பயணிகளும் கொண்டுபோக முடியாது. 2025 நவம்பர் 1-ல் இன்னொரு சட்டமும் வந்துவிட்டது. 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பதும், அவர்கள் அதைப் பயன்படுத்துவதும் குற்றம். சுற்றுலாப் பயணிக்கும் இது பொருந்தும்.

நீச்சல் உடை விஷயம் பலரையும் குழப்பும். பயணிகள் தங்கும் பெரும்பாலான தீவுகளில் "பிகினி பீச்" என்று பலகை வைத்த ஒரு கரை இருக்கும். அங்கே மட்டும்தான் நீச்சல் உடை. அதைத் தாண்டி ஊருக்குள் வந்தால் ஆண், பெண் இருவருமே தோளும் தொடையும் மறைகிற மாதிரி உடுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். ரம்ஜானில் பகல் நேர உணவு கெஸ்ட் ஹவுஸுக்குள்ளேதான்.

ஊர்க்காரர்களுக்கு இதில் லாபமா, நஷ்டமா?

இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் இல்லை.

லாபம் கண்ணுக்குத் தெரிகிறது. ரிசார்ட்டில் வேலைக்குப் போன பிள்ளைகள் சிலர் சொந்த ஊருக்குத் திரும்பி நாலு அறை கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். படகு வைத்திருப்பவர் மீன் பிடிப்பதோடு பயணிகளையும் அழைத்துப் போகிறார். வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்கும் பெண்கள், சைக்கிள் வாடகைக் கடை, சலவை, பேக்கரி என்று பணம் ஊருக்குள் சுற்றுகிறது. 2024-ல் அந்த நாட்டுக்கு வந்த பயணிகள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் ஊர்த் தீவில் தங்கினாலே, ஆயிரம், இரண்டாயிரம் பேர் வாழும் தீவுக்கு அது பெரிய வருமானம்.

ஆனா ஒரு தீவு எவ்வளவு தாங்கும்? தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். பவளத்தீவில் மணலுக்கு அடியில் மெல்லிய படலமாகத்தான் நன்னீர் நிற்கும். கொஞ்சம் அதிகமாக உறிஞ்சினால் உப்பு ஏறிவிடும். அதனால் பல தீவுகளில் வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி, இல்லாவிட்டால் கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலை. ஆலை நின்றால் என்ன ஆகும் என்பதை 2014 டிசம்பரில் மாலே பார்த்தது. சுத்திகரிப்பு ஆலையில் தீப்பிடித்து, தலைநகரமே குடிநீர் இல்லாமல் தவித்தது. இந்தியா விமானத்திலும் கடற்படைக் கப்பலிலும் தண்ணீர் அனுப்ப வேண்டியிருந்தது. ஆகவே கெஸ்ட் ஹவுஸில் ஒரு நாளைக்கு மூன்று முறை ஷவரில் குளிக்கும்போது, அந்தத் தண்ணீர் டீசல் எரித்து எடுத்த தண்ணீர் என்பது நினைவில் இருக்கட்டும்.

அடுத்தது கரை. கால் கிலோமீட்டர் அகலமுள்ள தீவில் கடற்கரை என்பது எல்லோருக்கும் பொதுவான முற்றம். பிள்ளைகள் விளையாடுவது, பெரியவர்கள் கயிற்று வலை நாற்காலியில் சாய்ந்து ஊர்க்கதை பேசுவது எல்லாம் அங்கேதான். அதிலே நல்ல மணல் இருக்கும் பகுதியை வேலி போட்டு "பிகினி பீச்" ஆக்கினால், ஊர்ப் பெண்கள் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். வருமானம் பார்க்கும் வீடும், பார்க்காத வீடும் இதை ஒரே மாதிரி பார்க்க முடியாது. எந்தக் கரை யாருக்கு என்பதில் தேர்ந்தெடுக்கப்பட்ட தீவு கவுன்சிலுக்குத்தான் முக்கியப் பங்கு. மாலத்தீவு உள்ளூர் அரசியலில் இது சின்ன விஷயம் அல்ல.

மாஃபுஷி வளர்ந்த வேகத்தைப் பார்த்து, "எங்கள் ஊர் அப்படி ஆக வேண்டாம்" என்று நினைக்கும் தீவுகளும் உண்டு, "எங்களுக்கு எப்போது வரும்?" என்று காத்திருக்கும் தீவுகளும் உண்டு. இரண்டுமே நியாயம்தான். வேலை இல்லாமல் மாலேவின் நெரிசலில் ஒற்றை அறைக்கு இடம்பெயரும் இளைஞனிடம் போய், "உன் தீவு அமைதியாகவே இருக்கட்டும்" என்று சொல்வது, நாலு நாள் தங்கிவிட்டு வரும் நமக்கு ரொம்பச் சுலபம்.

2024 ஜனவரியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பிரதமர் மோடி பற்றி அந்நாட்டின் துணை அமைச்சர்கள் மூன்று பேர் போட்ட பதிவுகளால் பெரிய சர்ச்சை வெடித்தது. மூவரும் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இங்கே பலர் பயணத்தை ரத்து செய்தார்கள். 2023-ல் 2 லட்சத்தைத் தாண்டி முதலிடத்தில் இருந்த இந்தியர் வருகை, அடுத்த ஆண்டு சுமார் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கு இறங்கியது. ஒரு நாட்டுப் பயணிகள் வராவிட்டால் பெரிய ரிசார்ட் வேறு நாட்டில் விளம்பரம் செய்து ஆளைப் பிடித்துவிடும். ஆறு அறை வைத்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. உறவு பிறகு சரியாகிவிட்டது. அதற்காக அந்த ஆண்டு வங்கிக் கடன் தவணை காத்திருந்திருக்காது.

கடலில் இறங்கும் முன்...

பவளப் பாறை உயிருள்ளது. அதன்மேல் கால் வைத்தால் பல ஆண்டு வளர்ச்சி உடைந்துபோகும். 1998, 2016, 2024 என்று கடல் சூடாகி வெளுத்துப்போன பாறைகள் ஏற்கனவே திணறிக்கொண்டிருக்கின்றன. சங்கு, பவளத் துண்டு எதையும் ஞாபகார்த்தமாக எடுத்து வராதீர்கள். பவளத்தோடு விமான நிலையத்தில் பிடிபட்டால் அபராதம். சுறா பிடிப்பதை 2010-லேயே தடை செய்த நாடு அது. சில இடங்களில் படம் எடுப்பதற்காகச் சுறாவுக்கும் திருக்கைக்கும் மீன் போட்டுப் பழக்குகிறார்கள். அப்படி அழைத்துப் போகிறவரைத் தவிர்ப்பது நல்லது. திமிங்கலச் சுறாவைப் பார்க்கும்போது பத்துப் படகு ஒரே மீனைச் சுற்றி வளைத்தால், உங்கள் வழிகாட்டியிடம் "வேண்டாம், தள்ளிப் போகலாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்கக் கூடாது. தீவைச் சுற்றி முழங்கால் அளவு தண்ணீர் அமைதியாக இருக்கும். பாறை விளிம்பு முடியும் இடத்தில் சட்டென்று ஆழம் விழும். இரு பாறைத்திட்டுகளுக்கு நடுவே உள்ள கால்வாயில் நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். உள்ளூர்க்காரர் "இன்று வேண்டாம்" என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

டிசம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை வாடைக்காற்றுக் காலம். கடல் அமைதி, வானம் தெளிவு, அறை வாடகை அதிகம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காலம். மழையும் அலையும் இருக்கும், வாடகை குறையும், திருக்கைகள் வரும். அந்தச் சமயத்தில் காற்று பலமாக வீசினால் படகு ரத்தாகலாம். எந்தக் காலமாக இருந்தாலும் திரும்பும் விமானம் காலையில் என்றால், முந்தைய நாள் மதியத்துக்குள் மாலேவுக்கோ பக்கத்தில் உள்ள ஹுல்ஹுமாலேவுக்கோ வந்துவிடுங்கள். ஹுல்ஹுமாலேவில் இருந்து விமான நிலையத்துக்கு விடியற்காலையிலும் டாக்சி கிடைக்கும். நடுக்கடலில் நின்றுவிட்ட படகுக்காக விமானம் காத்திருக்காது.